அமெரிக்காவில் முதலாண்டு மாணவிகளுக்கான டிஏ வேலை: எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்கப் போகிறேன். அறிவியல், பொறியியல் சேரும் முதலாண்டு மாணவிகளுக்குத் துணையாக இருக்கும் டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட், அதாவது கற்பித்தல் உதவியாளர்) வேலை தருகிறார்கள். எடுத்துக்கொள்வதா, ஆய்வகத்தில் ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்) இடம் காலியாகும்வரை காத்திருப்பதா?

எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செமஸ்டராவது. ஆனால் முதல் வாரத்திலிருந்தே மணிக்கணக்கை எழுதிவைத்து வேலை பாருங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான் மெக்கானிக்கலில் பிஎச்.டி. செய்தபோது இரண்டு வருடம் இதே வேலை பார்த்தேன், மத்தியமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில். அறிவியல், பொறியியல் எடுத்த முதலாண்டுப் பெண்களை ஒரே விடுதியில், ஒரே மாடியில் தங்கவைப்பார்கள். அவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு, அது போக விடுதியின் கீழ்த்தளத்தில் வாரம் இரண்டு சாயங்காலம் கால்குலஸும் இயற்பியலும் உட்கார்ந்து கணக்குப் போடும் அமர்வு. இரண்டும் டிஏ பொறுப்பு. ஸ்டைபெண்ட் (உதவித்தொகை), கல்விக் கட்டண விலக்கு எல்லாம் மற்ற டிஏக்களுக்கு உள்ளதுதான், இதற்கென்று கூடக் கொடுக்க மாட்டார்கள்.

ஊரில் என் கல்லூரியில் கம்ப்யூட்டர், ஈசிஇ வகுப்புகளில் பாதிப் பேர் பெண்கள். அதனால், பெண்களுக்கென்று தனியாக இப்படி ஒன்று எதற்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அமெரிக்காவில் பொறியியல் பட்டம் வாங்குபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் பெண். நானூறு பேர் உட்காரும் அரங்கில் அவர்கள் சிதறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் நாலே நாலு பெண்களாக நாங்கள் ஒட்டிக்கொண்டு திரிந்தது ஞாபகம் வரும். (சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் சேர்ந்த ஏ. லலிதாவுக்கு விடுதித் தனிமை பொறுக்கவில்லை, அப்புறம்தான் பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் வந்து சேர்ந்தார்கள். நமக்கு இது புதிய பிரச்சினை ஒன்றும் இல்லை.)

சரி, வேலை என்ன? பாடம் நடத்துவது அதில் சின்னப் பங்குதான். அக்டோபரில் முதல் மிட்டெர்ம் (செமஸ்டர் நடுவில் வரும் தேர்வு) விடைத்தாள் கைக்கு வரும் வாரத்தில்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கும். ஒரு பெண் வந்தாள். ஃபோனில் கால்குலஸை விட்டு விலகும் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தாள். 61 மார்க். பள்ளியில் 95க்குக் கீழே பார்த்ததில்லையாம். "எனக்கு இது வராதுபோல" என்றாள், அழவில்லை, ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட குரல். தாளைக் காட்டு என்றேன். செயின் ரூல் சரி, வழிமுறை சரி, மூன்றாவது வரியில் ஒரு மைனஸ் குறி விழுந்துபோய் அதற்கப்புறம் எல்லாமே தப்பு. வகுப்பின் சராசரி எவ்வளவு என்று கேட்டேன். தெரியவில்லை. 54. பேராசிரியர் இணையதளத்தில் போட்டிருந்தார், யாரும் அவளிடம் எடுத்துச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய செமஸ்டரில் நான் எடுத்த பொது ரெசிடேஷனில் (ஆண், பெண் எல்லோருக்கும் டிஏ நடத்தும் சிறு வகுப்பு) 48 வாங்கிய பையன்கள் "பேப்பர் ரொம்பக் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். 61 வாங்கியவள் துறையையே மாற்றப் போகிறாள். எல்லாப் பையன்களும் அப்படி என்று சொல்ல வரவில்லை, ஆனால் இரண்டு வருடத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆக, ஃபெயிலாகிறவளைத் தேடுவதோடு நின்றுவிடாதீர்கள். நன்றாகவே படித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிப் போகிறவள் கண்ணில் பட மாட்டாள்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாரா டெனஹி, நிலஞ்சனா தாஸ்குப்தா இருவரும் பொறியியல் சேர்ந்த 150 மாணவிகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. சிலருக்கு மூத்த மாணவி வழிகாட்டி, சிலருக்கு மூத்த மாணவன், சிலருக்கு யாரும் இல்லை. பெண் வழிகாட்டி கிடைத்தவர்கள் முதலாண்டு முடிவில் ஒருவர் விடாமல் பொறியியலிலேயே இருந்தார்கள். தங்கியதற்கும் போனதற்கும் மார்க் காரணமாக இல்லை, 'நான் இங்கே சேர்ந்தவள்' என்ற உணர்வுதான் காரணமாக இருந்தது.

அதற்காக ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் முதல் செமஸ்டரில் செய்த பெரிய தப்பு அது. அன்பாகப் பேசுவேன், கணக்கை நானே போர்டில் அழகாகப் போட்டுக் காட்டுவேன், எல்லோரும் தலையாட்டுவார்கள், தேர்வில் அதே கணக்கில் நின்றுவிடுவார்கள். நம் ஊர் டியூஷன் புத்தி. இரண்டாம் செமஸ்டரில் மார்க்கரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். நாலு பேராகப் பிரித்து, வீட்டுப்பாடத்தைவிடக் கொஞ்சம் கடினமான கணக்கைக் கொடுத்தேன். இதுவும் என் மூளையில் உதித்தது கிடையாது. 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் கால்குலஸில் தடுமாறிய கறுப்பின மாணவர்களைக் கவனித்தபோது, அவர்கள் தனித்தனியாகப் படிப்பதையும் சீன மாணவர்கள் சேர்ந்து படிப்பதையும் பார்த்தார். அதிலிருந்து கடினமான கணக்குகளைக் கூட்டாகப் போடும் பட்டறையை உருவாக்கினார். 'பலவீனமானவர்களுக்கான ஸ்பெஷல் கிளாஸ்' என்ற வாடை வந்துவிட்டால் மாணவிகள் வர மாட்டார்கள், வந்தால் கூச்சத்தோடு வருவார்கள்.

இப்போது மணிக்கணக்கு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், டிஏ ஒப்பந்தமும் அதற்குள்தான் இருக்கும். ஆனால் இந்த வேலை ஞாயிறு ராத்திரி 11 மணிக்கு மெயிலாக வரும். "ரெண்டு நிமிஷம் பேசலாமா" என்று வரும். அங்கே உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மேடம் கிடையாது. அது நெருக்கத்தைத் தரும், கூடவே எந்நேரமும் கதவைத் தட்டலாம் என்ற உரிமையையும் தரும். நான் ஒரு செமஸ்டர் முழுக்க இதில் மூழ்கி, அட்வைசரிடம் காட்ட ஒரு கிராஃப்கூட இல்லாமல் நின்றேன். அவர் திட்டவில்லை, "ம்" என்றார், அது திட்டைவிட மோசம்.

இன்னொன்று. பல பல்கலைக்கழகங்களில், பாலியல் தொல்லை பற்றி மாணவி சொன்னால் டிஏ அதை டைட்டில் நைன் (கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம்) அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "யாரிடமும் சொல்லாதீங்க" என்று ஒருத்தி ஆரம்பித்தால், அடுத்த வாக்கியத்துக்கு முன் நிறுத்தி, என்னால் இதை ரகசியமாக வைக்க முடியாது, ரகசியம் காக்கக்கூடிய கவுன்சிலர் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். அந்த இடைமறிப்பு கொடூரமாகத் தோன்றும். சொல்லாமல் விட்டுப் பின்னால் புகார் அனுப்புவது அதைவிடக் கொடூரம்.

ஒப்புக்கொள்ளும் முன் ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள்: மெயிலுக்குப் பதில் எழுதும் நேரமும் 20 மணிக்குள் வருமா, எத்தனை மாணவிகள், அடுத்த வருடம் ஆர்ஏவுக்கு மாறலாமா. சாயங்கால அமர்வுக்குச் சாப்பாட்டுப் பணம் உண்டா என்றும் கேளுங்கள். சிரிக்காதீர்கள், பீட்சா இருந்த நாளில் 19 பேர் வந்தார்கள், இல்லாத நாளில் ஏழு.