கொரோனா புள்ளிவிவரங்கள் "இன்ன பிரிவினர்தான் அதிகம் இறந்தார்கள்" என்று சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வியின் சாரம் இதுதான்: வயது, பால், இனம், வருமானம் என்று மக்களைப் பிரித்துக் கொரோனாச் சாவுகளை அட்டவணை போடுகிறார்கள். அந்த எண்கள் அந்தந்த மக்களைப் பற்றி உண்மையில் ஏதாவது சொல்கின்றனவா, அல்லது அவரவர் வசதிக்கு வளைத்துக்கொள்ளும் கணக்கா?

மருத்துவப் புள்ளியியல் பாடம் நடத்திப் பிழைப்பவன் நான். இந்தக் கேள்வியை இரண்டு வகையானவர்கள் என்னிடம் கேட்பார்கள். அட்டவணையைப் பார்த்ததும் ஒரு சமூகத்தின் உடல்வாகையே கணித்துவிட்டவர்கள் முதல் வகை. "எல்லாம் பொய்க்கணக்கு" என்று கையை உதறியவர்கள் இரண்டாம் வகை. எனக்கு இரண்டாம் வகையினரிடம்தான் கோபம் கொஞ்சம் கூடுதல். அதற்கான காரணம் கீழே வரும்.

முதலில், யாரைப் பரிசோதித்தார்கள்? 2020 மார்ச்சில் தென்கொரியாவின் பட்டியலைப் பார்த்தால், தொற்று உறுதியானவர்களில் இருபதுகளில் இருந்தவர்களே மிகப் பெரிய பிரிவு. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அதே மாதத்து இத்தாலிப் பட்டியலில் முதியவர்களே நிறைந்திருந்தார்கள். கிருமி நாட்டுக்கு நாடு ஆள் பார்த்துப் பிடிக்கவில்லை. தேகு நகரத்தில் ஒரு மதக் குழுவினரிடையே தொற்று பரவியதால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் உறுப்பினர்களைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். அவர்களில் இளம்பெண்கள் அதிகம். இத்தாலியிலோ மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வந்தவர்களைச் சோதிக்கவே ஆளும் நேரமும் போதவில்லை. "உறுதியானோர் எண்ணிக்கை" என்ற தலைப்பின் கீழ் வரும் எதுவும் பாதி நோயின் கணக்கு, பாதி பரிசோதனைக் கூடத்தின் கணக்கு.

அடுத்து வயது. இதை விட்டுவிட்டு இரண்டு கூட்டத்தை ஒப்பிடுபவரிடம் மேற்கொண்டு பேசுவது வீண். தொற்று உறுதியானவர்களில் இறந்தவர்கள், 2020 மார்ச் தொடக்கத்து எண்களின்படி இத்தாலியில் 4.3 விழுக்காடு, பிப்ரவரி எண்களின்படி சீனாவில் 2.3 விழுக்காடு. ஆனால் வயதுப் பிரிவு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் இத்தாலியின் விகிதமே குறைவு! இத்தாலியின் பட்டியலில் முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான். இதைச் சிம்சன் முரண் என்பார்கள்.

இதே வகைக் குழப்பம் 2021 ஆகஸ்டில் இஸ்ரேலில் பெரிய கலவரமே செய்தது. மருத்துவமனைகளில் கவலைக்கிடமாக இருந்த 515 பேரில் 301 பேர் இரண்டு தவணை ஊசியும் போட்டவர்கள். "பார்த்தீர்களா, ஊசியால் பயனில்லை" என்று உலகம் முழுக்கச் செய்தி பறந்தது. இப்போது ஐம்பது வயதில் ஒரு கோடு போட்டுப் பிரிப்போம். ஐம்பதைத் தாண்டியவர்களில் ஊசி போடாத ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 92 பேர் கவலைக்கிடம். போட்டவர்களில் ஒரு லட்சத்துக்குச் சுமார் 14 பேர். ஐம்பதுக்குக் கீழே முறையே 3.9, 0.3. இரண்டு பக்கமும் ஊசி நன்றாகவே காத்திருக்கிறது. முதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஊசி போட்டிருந்ததால், மருத்துவமனைப் படுக்கையில் ஊசி போட்டவர்கள் அதிகமாகத் தெரிந்தார்கள். மேலே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, வகுக்கும் எண் என்ன என்று கேட்காமல் விட்டதன் விளைவு.

இனத்துக்கு வருகிறேன், கேள்வியின் உள்நோக்கமும் அதுதான் என்று நினைக்கிறேன். பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2020 மே மாதம் இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கை வெளியிட்டது. வயது வித்தியாசத்தின் விளைவை நீக்கிப் பார்த்தபோது, வெள்ளை இன ஆண்களைவிடக் கறுப்பின ஆண்கள் கொரோனாவால் இறக்கும் வாய்ப்பு 4.2 மடங்கு. வசிக்கும் பகுதி, வறுமை, குடும்ப அமைப்பு, உடல்நலம் போன்றவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அது 1.9 மடங்காக இறங்கியது.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டுதான் எத்தனை சண்டை! ஒரு சாரார், "பாதிக்கு மேல் கரைந்துவிட்டதே, வறுமைதான் காரணம், இனப் பாகுபாடு என்று பேசாதீர்கள்" என்றார்கள். அந்த வறுமை யாருக்கு, ஏன் வாய்த்தது என்று கேட்க மறந்தார்கள். கரைந்த பகுதி பொய்யான பகுதி அல்ல. அதற்கு விளக்கம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே. எதிர்ச் சாரார், "மிச்சமிருக்கும் 1.9 மடங்கு மரபணுவில் இருக்கிறது" என்றார்கள். இது இன்னும் மோசம். மிச்சம் என்பது நாம் அளக்காமல் விட்ட எல்லாவற்றின் கூட்டுத்தொகை. ஒருவர் ஓட்டும் பேருந்தில் கண்ணாடித் தடுப்பு இருந்ததா, உடம்பு சரியில்லாத நாளில் சம்பளத்தோடு விடுப்பு எடுக்க முடிந்ததா என்பதெல்லாம் எந்தப் படிவத்தில் இருக்கிறது? அதே அலுவலகம் அதே மாதம் தொழில்வாரியாகவும் ஒரு கணக்குத் தந்தது. உழைக்கும் வயதிலுள்ள ஆண்களில் லட்சத்துக்கு 9.9 பேர் கொரோனாவால் இறந்திருந்தார்கள். ஆண் காவலாளிகளில் அது 45.7. மருத்துவர்கள், செவிலியர்களிடம் அப்போது அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை. காவலாளியின் உடம்பில் தனியாக மரபணு இருக்கிறது என்று இதுவரை யாரும் வாதிடவில்லை.

உடல்வாகு வாதத்துக்கு எதிராக எனக்கு மிகவும் பிடித்த சான்று வேறு. இங்கிலாந்தின் இரண்டாவது அலையில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்குமான இடைவெளி குறைந்தது. வங்கதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினரின் இறப்போ உயர்ந்தே இருந்தது. சில மாதங்களில் எவருடைய மரபும் மாறாது. வேலை, வீடு, நெரிசல், நோய் அந்த நேரத்தில் எந்தப் பகுதியில் மையம் கொண்டிருந்தது என்பவை மாறும்.

இது நூறாண்டுப் பழைய கதையும்கூட. 1918 இன்புளுவென்சாவில் பம்பாய் நகரத்துச் சாவுகளைச் சமூகவாரியாகப் பதிந்திருக்கிறார்கள்: ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, தாழ்த்தப்பட்ட சாதியினர் 61.6. ஏழு மடங்கு! காய்ச்சல் பணக்காரன் ஏழை பார்க்காது என்று அன்றும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர், வீடு வீடாக எடுத்த பழைய கணக்கெடுப்பை அலசி, வசதி குறையக் குறைய நோய் கூடியதை 1931-இல் எழுதிக் காட்டினார்.

அதே பம்பாய், 2020 ஜூலை. மும்பையின் மூன்று வட்டங்களில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் (தொற்று வந்தபின் உடல் உண்டாக்குவது) இருக்கிறதா என்று ஆய்வு செய்தார்கள். குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. மற்றப் பகுதிகளில் 16 விழுக்காடு. நகரம் முழுவதற்கும் அரசுப் பதிவில் இருந்ததோ ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். குடிசைவாசிகள் பட்டியலில் தெரியவே இல்லை என்று பொருள். மேலே நான் சொன்ன கோபத்துக்குக் காரணம் இதுதான். "புள்ளிவிவரத்தை நம்பாதே" என்பவர்கள், எண்கள் எப்போதும் ஊதிப் பெருக்கப்படுகின்றன என்றே கற்பனை செய்கிறார்கள். ஏழைகள் விஷயத்தில் பிழை பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலக நாடுகள் அறிவித்த கொரோனாச் சாவுகள் 54 லட்சம். உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட கூடுதல் சாவுகள், அதாவது வழக்கமாக எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கு மேல் நிகழ்ந்தவை, 149 லட்சம். அந்த மதிப்பீட்டை இந்திய அரசு மறுத்தது, வாதம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் சாவையே ஒழுங்காகப் பதியாத இடங்களில் இனவாரி, வருமானவாரி ஒப்பீடு எவ்வளவு தாங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆண்-பெண் வித்தியாசம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பாலான நாடுகளில் ஆண்களே அதிகம் இறந்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்திலும் வித்தியாசம் உண்டு, புகைப்பழக்கத்திலும் வேலையிலும் உண்டு. எது எவ்வளவு என்று ஓர் எண்ணைச் சொல்பவரிடம் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். எத்தனை கேள்வி கேட்டாலும் அசையாமல் நிற்கும் ஒரே பிரிவு வயதுதான். சீனாவின் முதல் 44,672 நோயாளிகளில் எண்பதைக் கடந்தவர்களில் 14.8 விழுக்காட்டினர் இறந்தார்கள். பரிசோதனை முறை மாறினால் அந்த எண் மாறும். வயது ஏற ஏற ஆபத்து ஏறுவது எந்த நாட்டிலும் மாறவில்லை.

நடைமுறையில் ஒன்று செய்யுங்கள். இனவாரி அட்டவணை எது கையில் கிடைத்தாலும், "விவரம் இல்லை" என்ற வரிசையை முதலில் தேடுங்கள். இங்கிலாந்தில் அப்போது இறப்புச் சான்றிதழில் இனம் எழுதவில்லை. எனவே மேலே சொன்ன 4.2 மடங்குக் கணக்கை, இறந்தவரை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு பொருத்தித்தான் எடுத்தார்கள். 2011-க்குப் பிறகு அந்த நாட்டுக்குக் குடிபோனவர்கள் அதில் இல்லை. அமெரிக்காவில் 2020 மே இறுதிவரை விவரம் சேகரித்த 13 லட்சத்துச் சொச்சம் நோயாளிகளில், இனம் என்னவென்று தெரிந்தது 45 விழுக்காட்டினருக்கு மட்டுமே. உங்கள் அட்டவணையில் அந்த வரிசையே இல்லை என்றால், அவர்களை எங்கே சேர்த்தார்கள் என்று அதைத் தயாரித்தவரிடம் கேளுங்கள்.