உரை கேட்கப் போகிறவர்களுக்கு: உலக விவகாரம் பற்றிய கேள்வி பதில்

வணக்கம். உலக விவகாரம் பற்றிய பொது உரைகளை இருபது ஆண்டுகளாக விடாமல் கேட்டு வருகிறேன். மாதம் இருமுறை கூடும் சிறிய படிப்பு வட்டம் ஒன்றையும் நடத்துகிறேன். எதைக் கேட்பது, எந்தப் பாடத்தில் சேர்வது, கேட்டது மனத்தில் தங்க என்ன செய்வது என்று கேளுங்கள். எந்த நாடு நல்ல நாடு, எந்தத் தலைவர் கெட்டவர் என்பதற்கு மட்டும் நான் ஆள் இல்லை.

கேள்வி (தினமும் செய்தி பார்ப்பவர்): அம்மா, காலையும் மாலையும் செய்தி பார்க்கிறேன். ஆனாலும் யாராவது விவரம் கேட்டால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்லத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஓராண்டு அதோடு இருங்கள். மற்ற செய்திகள் வந்து போகட்டும்.

எங்கள் வட்டத்தில் ஓராண்டு கடல்வழிகளை எடுத்தோம். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழி அடைபட்டது. 2023 கடைசியில் ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பல கப்பல் நிறுவனங்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் தென்கோடி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. அதே சமயம், அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் கால்வாய் உள்ள பனாமாவில் மழை பொய்த்தது. அந்தக் கால்வாயின் நீர்ப்பூட்டுகளில் ஒவ்வொரு கப்பலும் ஏறி இறங்கக் காட்டூன் ஏரியின் நன்னீர்தான் செலவாகிறது. ஏரி வற்றியதால், நாளுக்கு 36 அளவில் போன கப்பல்களை 24 அளவுக்குக் குறைத்தார்கள்.

செய்தியில் இவை மூன்றும் தனித்தனியாக வந்து மறைந்தவை. கடல்வழி பற்றியே பத்து உரை கேட்டவருக்கு மூன்றும் ஒரே கதை. கப்பல் காப்பீடு ஏன் ஏறுகிறது, கால்வாய்ச் சுங்கத்தை நம்பியிருக்கும் எகிப்தின் கருவூலம் ஏன் காய்கிறது, எங்கோ ஒரு ஏரியில் நீர் இறங்கினால் சரக்கு ஏன் தாமதமாகிறது என்று அவர் தாமாகவே அடுத்தடுத்துக் கேட்கத் தொடங்குவார்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒரு உரைக்கு ஒரு பக்கம் போதும். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: பேச்சாளர் தகவலாகச் சொன்னது, தம் கருத்தாகச் சொன்னது, எனக்கு விளங்காதது. முதல் சில உரைகளுக்கு முதல் இரண்டும் கலந்துதான் போகும். ஐந்தாறு உரைக்குப் பிறகு கை தானே பிரித்து எழுதும்.

இன்னொன்று, இதை ஒவ்வொரு முறையும் சொல்வேன்: பதிவின் தேதியைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். வலையேற்றிய தேதி அல்ல, பேசிய தேதி. உக்ரைன் பற்றிய உரை, ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24க்கு முன் பேசியதா, பின் பேசியதா என்று தெரியாமல் கேட்டால் பாதி தலைகீழாகப் புரியும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அக்கா, இணையப் பாடம் முடித்தால் சான்றிதழ் கிடைக்குமா? வேலைக்கு உதவுமா?

பதில்: கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் இரண்டும் 2012இல் வந்தவை. அங்கே சான்றிதழ் உண்டு, பெரும்பாலும் அதற்குத்தான் கட்டணம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகத் திறக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. அந்தத் தளத்தில் பெயர்கூடப் பதிய வேண்டாம், சான்றிதழும் கிடையாது. வேலைக்கு என்றால், பாடத்தில் படித்ததை வைத்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை ஒன்றைக் காட்டுங்கள். அதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி (ஆங்கிலம் தடுமாறுபவர்): பேச்சு வேகமாகப் போகிறது. பாதி புரிவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் இதற்கு லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது.

பதில்: அப்படி நினைக்கவே நினைக்காதீர்கள். எழுத்து வடிவம் உள்ள உரைகளாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் வாசியுங்கள், பிறகு கேளுங்கள். பி.பி.சி. வானொலியின் ரீத் உரைகள் 1948இல் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸலோடு தொடங்கின. அவற்றின் எழுத்து வடிவம் கிடைக்கிறது. டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில் நிகழ்த்தப்படும் நோபல் அமைதிப் பரிசு உரைகளும் அப்படியே. அவை நீளமும் குறைவு, நிதானமாகப் பேசுவார்கள்.

அப்புறம், சொந்தமாக ஒரு சொற்பட்டியல் எழுதி வாருங்கள். சீஸ்ஃபயர், ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ் மூன்றையும் நம் செய்திகளில் பெரும்பாலும் 'போர்நிறுத்தம்' என்றே போடுகிறார்கள். ஆர்மிஸ்டிஸ் என்பது இரு தரப்பும் முறைப்படி எழுதிக் கையெழுத்திட்டுச் சண்டையை நிறுத்துவது. கொரியாவில் 1953 ஜூலை 27இல் கையெழுத்தானது அதுதான். அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. இந்த ஒரு சொல் பிடிபட்டால் வட கொரியா பற்றிய அடுத்த உரை பாதி புரிந்துவிடும்.

கேள்வி (இரவுப்பணிக்காரர்): நேரில் போக முடியாத வேலை. வீட்டிலிருந்தே பார்க்க எது நல்லது?

பதில்: ஐ.நா. வலைத் தொலைக்காட்சி. பாதுகாப்பு அவைக் கூட்டம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். பழைய கூட்டங்களும் அங்கே கிடைக்கின்றன. 15 உறுப்பினர், அதில் ஐவர் நிரந்தரம். தீர்மானம் நிறைவேற 9 வாக்கு வேண்டும், ஐவரில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. செய்தியில் வாக்கு எண்ணிக்கை மட்டும் வரும். வாக்கெடுப்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாடும் தான் ஏன் இப்படி வாக்களிக்கிறது என்று விளக்கும் பேச்சில்தான் விஷயம் இருக்கிறது. வாக்களிக்காமல் ஒதுங்கிய நாடு பேசுவதைத் தவறவிடாதீர்கள்.

சட்டத்தில் ஆர்வம் உண்டென்றால் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஒலி ஒளி நூலகம் இருக்கிறது. பேராசிரியர்களும் நீதிபதிகளும் நடத்திய பாடங்கள், எல்லாம் இலவசம். அங்கும் பேசிய தேதியைப் பாருங்கள்.

கேள்வி (எல்லாவற்றையும் சந்தேகிப்பவர்): ஓய்வுபெற்ற தூதர்களின் உரைகளை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். முப்பது ஆண்டு அரசுக்காகப் பேசியவர் ஓய்வு பெற்ற மறுநாள் உண்மை பேசிவிடுவாரா? நேர விரயம் என்பேன்.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். பழக்கம் நாக்கை விட்டுப் போகாது. ஆனால் நேர விரயம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்க ராஜதந்திரி ஜார்ஜ் கென்னன் 1946இல் மாஸ்கோவிலிருந்து அனுப்பிய நீண்ட தந்தி, சோவியத்தைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கக் கொள்கைக்கே அடித்தளம் போட்டது. அதே மனிதர் 1997இல், தொண்ணூறு கடந்த வயதில், அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணியைக் கிழக்கே விரிப்பது பெரும் தவறு என்று தம் அரசை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதினார். அவர் சொன்னது சரியா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அரசின் குரலாக அவர் எழுதவில்லை என்பதில் விவாதம் இல்லை.

(அதே நபர்): ஒரு கென்னனைக் காட்டி ஆயிரம் பேரை நியாயப்படுத்துகிறீர்கள்.

(பேராசிரியர் பக்கம் நிற்பவர்): நானும் அவர் கட்சி. தூதரைவிட ஆய்வாளர் பேச்சே மேல். அவருக்குக் காக்க வேண்டிய ரகசியம் இல்லை.

பதில்: ஆய்வாளருக்கு ரகசியம் இல்லாமல் இருக்கலாம், புரவலர் இருப்பார். ஆய்வு நிறுவனங்களில் பலவும் நன்கொடையில் நடப்பவை, அந்த நன்கொடையில் வெளிநாட்டு அரசுகளின் பணமும் ஆயுத நிறுவனங்களின் பணமும் உண்டு. உரை கேட்குமுன் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பக்கமே இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யார் பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து நம்புவதும் தள்ளுவதும் ஒரே தவறு. ஒரு பயிற்சி சொல்கிறேன், தயவுசெய்து செய்து பாருங்கள். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், இராக்கின் ஆயுதங்கள் பற்றிப் பாதுகாப்பு அவையில் பேசிய உரை. பிப்ரவரி 14 அன்று அதே அவையில் ஐ.நா. ஆயுதச் சோதனைக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் தந்த அறிக்கை. இரண்டையும் ஒரே நாளில், அடுத்தடுத்துக் கேளுங்கள்.

பவலிடம் செயற்கைக்கோள் படம், ஒட்டுக்கேட்ட உரையாடல், உறுதியான குரல் எல்லாம் இருக்கின்றன. பிளிக்ஸ் உலர்ந்த குரலில் தாளைப் பார்த்து வாசிக்கிறார். பவல் காட்டிய இடம் ஒன்றைப் பற்றி, அங்கே தெரிந்த நடமாட்டம் வழக்கமான வேலையாகவும் இருந்திருக்கலாம் என்கிறார். எங்கள் வட்டத்தில் முதல் உரை முடிந்ததும் கை தூக்கச் சொன்னேன். நடந்ததெல்லாம் தெரிந்தவர்கள்தான், ஆனாலும் பாதிப் பேருக்கு மேல் பவல் பேச்சு நம்பும்படி இருந்தது என்றார்கள். இரண்டாவது முடிந்தபோது அறை அமைதியாகிவிட்டது. அந்த மார்ச்சிலேயே அமெரிக்கா இராக் மீது போர் தொடங்கியது. பவல் சொன்ன ஆயுதக் குவியல் கிடைக்கவே இல்லை. அந்த உரை தம் வாழ்க்கையில் ஒரு கறை என்று 2005இல் பவலே சொன்னார்.

(சந்தேகிப்பவர்): பார்த்தீர்களா, பதவி போன பிறகுதானே சொன்னார்! ஆனால் பிளிக்ஸும் ஸ்வீடனின் பழைய அமைச்சர், ராஜதந்திரிதான். சரி, அந்த இரண்டையும் கேட்டுவிட்டு வருகிறேன்.

பதில்: பதவியில் இருக்கும்போது சொல்லாததைப் பிறகு சொல்கிறார்கள் என்பதால்தான் ஓய்வு பெற்றவர்களைக் கேளுங்கள் என்கிறேன். கேட்டுவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி (வேலை தேடுபவர்): சான்றிதழ் தரும் உலக அரசியல் பாடம் எது?

பதில்: மேலே கல்லூரி மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (புதிதாக வந்தவர்): ஒன்றுமே தெரியாது. எதில் தொடங்கலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி தனியாகவும் ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் அதே பதில்தான்: ஒரு பொருள், ஓராண்டு, ஒரு நோட்டு.

கேள்வி (கூட்டத்துக்கு அழைப்பு வந்தவர்): 'சாட்டம் ஹவுஸ் விதி' பொருந்தும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. கேட்டதை வெளியே சொல்லவே கூடாதா?

பதில்: சொல்லலாம். லண்டனில் 1920இல் தொடங்கிய, சாட்டம் ஹவுஸ் என்று அழைக்கப்படும் உலக விவகார ஆய்வு நிறுவனம் 1927இல் வகுத்த விதி அது. கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம். யார் சொன்னார், அவர் எந்த அமைப்பு, வேறு யார் வந்திருந்தார் என்று மட்டும் காட்டிக்கொடுக்கக் கூடாது. 'ஒரு நாட்டின் முன்னாள் நிதி அதிகாரி' என்று எழுதினால்கூட ஆளை ஊகிக்க முடியும் என்றால், அதையும் எழுதாதீர்கள்.

கேள்வி (வரைபடப் பிரியர்): சுவரில் எந்த உலக வரைபடம் மாட்டலாம்?

பதில்: மெர்க்கேட்டர் வேண்டாம். 1569இல் மாலுமிகளுக்காக வரைந்த முறை அது. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. முடிந்தால் பூமி உருண்டை வாங்குங்கள்.

கேள்வி (68 வயதுக்காரர்): இந்த வயதில் வகுப்பில் போய் உட்காரக் கூச்சமாக இருக்கிறதம்மா.

பதில்: ஐயா, உங்களைப் போன்றவர்களுக்காகவே 1973இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கினார்கள். பிரிட்டனில் 1980களில் அது வேறு வடிவம் எடுத்தது: தேர்வு இல்லை, பட்டம் இல்லை, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் பாடம் நடத்துகிறார்கள். எங்கள் வட்டத்தில் கப்பல் காப்பீட்டை விளக்கியவர் துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று எந்தப் பேராசிரியரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், எந்தப் பொருளில் நீங்களே பாடம் எடுக்கலாம் என்று யோசிப்போம்.

கேள்வி (வட்டம் தொடங்க நினைப்பவர்): நாங்கள் ஆறு பேர். எப்படி நடத்துவது?

பதில்: அமெரிக்காவில் 1954இல் போர்ட்லண்டில் தொடங்கிய 'கிரேட் டெசிஷன்ஸ்' முறையைப் பின்பற்றலாம். ஆண்டுக்கு எட்டுத் தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் சிறு வாசிப்பு, ஒரு காணொளி, பிறகு விவாதம். ஆறு பேர் சரியான எண்ணிக்கை. முன்கூட்டி வாசிக்காதவர் அன்று கேட்கலாம், பேசக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். எங்களுக்கு இந்த விதி வர இரண்டு ஆண்டு ஆனது, அதற்குள் நல்ல வாசகர்கள் இருவர் சலித்து விலகிவிட்டார்கள்.

கேள்வி (அவசரக்காரர்): நெதர்லாந்தின் ஹேக் நகரில் இரண்டு சர்வதேச நீதிமன்றம் உண்டாமே? என்ன வேறுபாடு?

பதில்: சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காடுவது நாடுகள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், 2002 முதல், தனிமனிதர்களை விசாரிப்பது.

கேள்வி (முன்வரிசைக்காரர்): அடுத்த வாரம் பருவநிலை நிதி பற்றிய உரை. ஒலிவாங்கி கைக்கு வந்தால் பதறிவிடுகிறேன். இப்படிக் கேட்கலாமா: "பணக்கார நாடுகள் ஏழை நாடுகளை ஏமாற்றுகின்றன, இது நியாயமா?"

பதில்: அவர் "நியாயமில்லைதான்" என்று சொல்லி அடுத்தவரிடம் போய்விடுவார். 2009இல் கோபன்ஹேகனில், ஏழை நாடுகளின் பருவநிலைச் செலவுக்காக 2020 வாக்கில் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவதாக வளர்ந்த நாடுகள் சொல்லின. அந்தத் தொகையை முதன்முதலில் எட்டியது 2022இல்தான் என்பது வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்கு. அந்தத் தொகையில் பெரும்பகுதி கடன். ஆகவே இப்படிக் கேளுங்கள்: "2022இல் எட்டியதாகச் சொல்லும் தொகையில் கடனைக் கழித்துவிட்டு மானியத்தை மட்டும் எண்ணினால், இலக்கு எட்டப்பட்டது என்று நீங்கள் சொல்வீர்களா?" தாளில் எழுதி வைத்து அப்படியே வாசியுங்கள். வாசித்ததும் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, அவர் சொல்வதை நோட்டின் இரண்டாம் பத்தியில் எழுதத் தொடங்குங்கள். தேதியை மேலே போட மறக்காதீர்கள்.