ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு நாலாம் வகுப்புக் கணக்கு எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

ஆன்லைன் படிப்பில் ஏஐ வந்ததைப் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

என் மகள் ஏழாம் வகுப்பு. "உங்கள் பிள்ளைக்குத் தகுந்த மாதிரி ஏஐ பாடம் அமைத்துக் கொடுக்கும்" என்று சொல்லி ஒரு கணக்கு ஆப்பை விற்றார்கள். ஒரு வாரமாக நாலாம் வகுப்புப் பின்னக் கணக்காகவே வருகிறது. காசு கொடுத்து ஏமாந்துவிட்டோமா?
*– ஒரு தாய், திண்டுக்கல்*

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா. அந்த ஆப் உருப்படியான வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால் மகளோடு பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு தாளில் 2/3 + 1/4 எழுதிக் கொடுங்கள். விடை 3/7 என்று வந்தால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். அடுத்து, 0.35, 0.7 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். ஏழைவிட 35 பெரியதுதானே என்று 0.35-ஐக் காட்டும் பிள்ளைகள் ஏராளம். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. மனதில் ஒரு விதி தப்பாகப் பதிந்துவிட்டது, அதைப் பிள்ளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது, அவ்வளவுதான். அதைச் சரி செய்யாமல் ஏழாம் வகுப்பு இயற்கணிதத்தை எத்தனை தடவை நடத்தினாலும் ஏறாது, பிள்ளைக்குக் கணக்கு என்றாலே வெறுப்புதான் மிஞ்சும்.

ஆப் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், இதற்கான அடிப்படை முறை 1990களிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கார்பெட், ஜான் ஆண்டர்சன் என்ற இருவர் உருவாக்கியது. ஒவ்வொரு திறனுக்கும் நாலு வாய்ப்புகளைக் கணினி கணக்கில் வைத்துக்கொள்ளும்: பிள்ளைக்கு இது முன்பே தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு, ஒரு கணக்குப் போட்டதும் பிடிபட எவ்வளவு வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியான விடையைத் தொட்டிருக்க எவ்வளவு வாய்ப்பு, தெரிந்திருந்தும் கைதவறியிருக்க எவ்வளவு வாய்ப்பு. ஒவ்வொரு விடைக்குப் பிறகும் இந்தக் கணிப்பு மாறும். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 25 சதவீதம் சரியாகிவிடும் என்பதால், ஒரு சரியான விடையை வைத்து அது உங்கள் மகளை மேலே ஏற்றிவிடாது. இப்போதைய ஆப்கள் இதைவிடச் சிக்கலான முறைகளையும் பயன்படுத்துகின்றன, ஆனால் அவை விடை தேடுவதும் இதே கேள்விக்குத்தான்: இந்தப் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது?

வகுப்புக்கும் பிள்ளை நிற்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்பதற்கு டெல்லியில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் செய்தது, 2019-இல் வெளியானது. பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் 619 மாணவர்கள் இதில் இருந்தார்கள், குலுக்கலில் தேர்வானவர்களுக்கு மட்டும் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளில் பள்ளி முடிந்த பிறகு பயிற்சி. ஆரம்பத்தில் சோதித்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள், ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாகிவிட்டது. வருடம் ஏற ஏறப் பாடப்புத்தகம் முன்னால் ஓடுகிறது, பிள்ளை அங்கேயே நிற்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாலரை மாதப் பயிற்சிக்குப் பிறகு இந்த மாணவர்கள் கணக்கில் முன்னேறிய அளவு, வாய்ப்புக் கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவரவர் நிலையிலிருந்து தொடங்கியது இதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

ஆனால் ஒன்று, இதே ஆய்வில் பள்ளிக்கூடத்துக் கணக்குப் பரீட்சை மார்க்கில் சொல்லும்படியான ஏற்றம் தெரியவில்லை. ஏழாம் வகுப்புப் பரீட்சை ஏழாம் வகுப்புப் பாடத்தைத்தான் கேட்கும், பிள்ளை இப்போதுதான் நாலைத் தாண்டி அஞ்சுக்கு வந்திருக்கும். அதனால் காலாண்டில் மார்க் ஏறவில்லையே என்று ஆப்பை நிறுத்திவிடாதீர்கள், மகளையும் திட்டாதீர்கள். நம் அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்களே, அதுவும் இதே யோசனைதான், அங்கே கணினி இல்லாமல் ஆசிரியரே செய்கிறார். ஒருவேளை தாளில் எல்லாக் கணக்கையும் மகள் சரியாகப் போட்டு, போட்ட விதத்தையும் சொல்லிவிட்டால், அப்போது ஆப்பில் நிலை அறியும் தேர்வை மறுபடி எழுதவிட முடியுமா என்று கேளுங்கள்.

பையன் பிளஸ் ஒன். வீட்டுப்பாடம் எல்லாம் சாட்ஜிபிடியில் கேட்டு எழுதுகிறான், நோட்டில் ஒரு தப்பு கிடையாது. யூனிட் டெஸ்டில் மட்டும் மார்க் இறங்கிக்கொண்டே போகிறது. "அது எனக்குப் பர்சனல் டியூட்டர் மாதிரிப்பா" என்கிறான். பிடுங்கி வைத்துவிடலாமா?
*– ஒரு தந்தை, திருப்பூர்*

உங்கள் வீட்டில் நடப்பதை அப்படியே துருக்கியில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் சார். உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான ஜிபிடி-4 (அப்போது சாட்ஜிபிடியை இயக்கிய ஏஐ), இன்னொரு பிரிவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் துணையோடு அமைத்த ஜிபிடி-4, மூன்றாவது பிரிவுக்குப் புத்தகம் மட்டும். பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாவது பிரிவு 127 சதவீதமும் புத்தகப் பிரிவைவிடக் கூடுதலாக எடுத்தன. அப்புறம் கருவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். வழக்கமான ஜிபிடி வைத்திருந்தவர்கள் புத்தகம் மட்டும் வைத்துப் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவு. குறிப்பு மட்டும் வாங்கிய பிரிவுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை, ஆனால் புத்தகப் பிரிவைத் தாண்டி மேலேயும் போகவில்லை.

ஆக, விடை கொடுக்கும் கருவியை டியூட்டர் என்று சொல்ல முடியாது. அதற்காகப் பிடுங்கி வைத்தால் நண்பன் போனில் பார்ப்பான், அதில் பிரயோஜனம் இல்லை. பழக்கத்தை மாற்றப் பாருங்கள். முதலில் நோட்டில் தானாகப் போட வேண்டும், முட்டி நின்றாலும் பரவாயில்லை. பிறகு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டு, "விடை சொல்லாதே, எந்த வரியில் தப்பு என்று மட்டும் காட்டு, ஒரு குறிப்பு கொடு" என்று கேட்கச் சொல்லுங்கள். 2025 ஜூலையில் சாட்ஜிபிடியிலேயே படிப்புக்கென்று ஒரு தனி முறையைக் கொண்டுவந்தார்கள், அடுத்த மாதமே கூகுளின் ஜெமினியிலும் அதுபோல ஒன்று வந்தது, இரண்டுமே கேள்வி கேட்டுக் கேட்டு அழைத்துப் போகும். ஒரு தட்டில் அதிலிருந்து வெளியே வந்துவிடவும் முடியும் என்பதால் பையன் மனது வைத்தால்தான் உண்டு. கடைசியாக, போனை மூடிவிட்டு அதே மாதிரி ஒரு கணக்கைத் தனியாகப் போடட்டும். அது வந்தால் அன்றைய பாடம் முடிந்தது, வராவிட்டால் முடியவில்லை.

ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்ததும் ஒரு தேர்வு வைத்து, என் மகன் 'விஷுவல் லேர்னர்' என்றும் இனி அவனுக்கு வீடியோவாகவே கொடுப்போம் என்றும் சொல்கிறார்கள். நம்பலாமா?
*– வாசகி, பொள்ளாச்சி*

வேண்டாம். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பச் சொல்லிக் கொடுத்தால் படிப்பு கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே ஹெரால்ட் பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். முக்கோணத்தை எல்லாப் பிள்ளையும் படம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும், உச்சரிப்பை எல்லாப் பிள்ளையும் காதால் கேட்டுத்தான் கற்க வேண்டும். உங்கள் மகனுக்கு எழுதிப் பழகும் வேலையைக் குறைக்க இதை ஒரு சாக்காக விட்டுவிடாதீர்கள்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. "இனிமேல் ஏஐ சொல்லித் தரும், டீச்சர் எதற்கு?" என்று எங்கள் வீட்டிலேயே பேசுகிறார்கள். கவலையாகவும் இருக்கிறது, ஹைடெக் லேபை நன்றாகப் பயன்படுத்த வேண்டும் என்றும் இருக்கிறது.
*– ராமநாதபுரம் மாவட்டம்*

டீச்சர், மேலே சொன்ன டெல்லி ஆய்வின் பயிற்சி மையங்களில் தினமும் 90 நிமிட வகுப்பு. அதில் பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதி, பதினைந்து பேர் அளவிலான குழுவோடு ஒரு மனிதர் உட்கார்ந்து வீட்டுப்பாடம், பரீட்சைத் தயாரிப்பு என்று பார்த்துக்கொண்டார். வந்த பலன் இரண்டும் சேர்ந்து கொடுத்தது. ஆளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் வைத்தால் இதே பலன் வரும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. ஒரு கணக்குக்குப் பிள்ளை நாலு நிமிடம் எடுத்துக்கொண்டது என்று கணினிக்குத் தெரியும். அந்த நாலு நிமிடமும் யோசித்ததா, அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

லேபில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது லாகின். கணினி போதவில்லை என்று இரண்டு பேரை ஒரே பெயரில் உட்கார வைத்தால், இல்லாத மூன்றாவது மாணவர் ஒருவரை அது கணித்து வைத்திருக்கும், அடுத்து வரும் பாடம் இருவருக்குமே பொருந்தாது. பாதிப் பேரை லேபில் தனித்தனியாக உட்கார வைத்து, மீதிப் பேரை நீங்கள் எழுத வைத்து, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, அறிக்கையில் யார் எத்தனை மார்க் என்பதைவிட, எந்தக் கேள்வியில் நிறையப் பேர் ஒரே தப்பு விடையைத் தொட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். அந்த ஒரு தப்பு விடையை மறுநாள் கரும்பலகையில் எழுதி, "இப்படி வந்தவர்கள் எப்படி யோசித்தீர்கள்?" என்று கேட்டால் அந்த வகுப்பு எங்கே வழுக்குகிறது என்று புலப்பட்டுவிடும்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். படித்தது எல்லாம் மறந்துபோகிறது. ஏஐ எனக்கென்று திட்டம் போட்டுத் தருமா?
*– மதுரை*

போட்டுத் தரும், ஆனால் அழகான கால அட்டவணை உங்கள் மறதியைப் போக்காது தம்பி. மறதிக்கென்றே வேறு ஒரு வகை மென்பொருள் இருக்கிறது. கற்றது எந்த வேகத்தில் மறக்கிறது என்று 1885-இலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து எழுதினார். மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் கேட்டால் நினைவு நிலைக்கும் என்பதை வைத்து இயங்கும் மென்பொருள்தான் ஆங்கி (Anki). ஆண்ட்ராய்டில் இலவசம். உங்களுக்கு எந்த அட்டை சுலபம், எது கஷ்டம் என்று பார்த்து, ஒவ்வொன்றையும் எப்போது திரும்பக் காட்டுவது என்று உங்கள் நினைவுக்கு ஏற்பக் கணிக்கும். அட்டைகளை நீங்களே எழுதுங்கள், ஓர் அட்டையில் ஒரு விஷயம். ஏஐயிடம் எழுதி வாங்கினால் ஆண்டு, சட்டப் பிரிவு எண்களில் அது அடித்துவிடும் தப்பையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவீர்கள், அதனால் பள்ளிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் ஒன்றையும் உள்ளே விடாதீர்கள்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஏஐ கருவிகள் உதவுமா?
*– தஞ்சாவூர்*

உதவும், முன்பைவிட இப்போது எவ்வளவோ தேவலாம். ஆனால் நம் பாடநூலில் இல்லாத சொற்களைத் தானாகப் போட்டுக் குழப்பும். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்து, இதில் உள்ள சொற்களையே பயன்படுத்தி விளக்கு என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகும்.

பிள்ளையின் போட்டோ, மைக், லொக்கேஷன் எல்லாவற்றுக்கும் ஆப் அனுமதி கேட்கிறதே?
*– வேலூர்*

கணக்குச் சொல்லித் தர லொக்கேஷன் எதற்கு? மறுத்துவிடுங்கள். வாசிப்புப் பயிற்சி என்றால் மைக் தேவை, அந்த நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான், அவர்கள் தகவலை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்து படிப்படியாக அமலுக்கு வருகின்றன. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன, அதைக் காட்டி விளம்பரத்துக்கும் தகவல் எடுத்தால் விடாமல் கேளுங்கள்.

வீட்டுக்கே வந்து, மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, இஎம்ஐயும் உண்டு என்கிறார்கள். என்ன பார்த்து வாங்குவது?
*– ஈரோடு*

முதலில், வந்த அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையை முன்னால் உட்கார வைத்துப் பேசி, பெற்றோருக்குக் குற்ற உணர்ச்சி வரவழைத்து விற்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் காரியம். கான் அகாடமி இலவசம், அரசின் தீக்ஷாவும் மணற்கேணியும் இலவசம். இவற்றை ஒரு மாதம் பிள்ளை தானாக உட்கார்ந்து பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

அப்படியும் வாங்குவதென்றால், விற்க வந்தவரிடம் ஆப்பில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைசி விடையை மட்டும் பார்த்துத் தப்பு என்று சொல்லி வீடியோவைத் திறக்கிறதா, இல்லை பிள்ளை எழுதும் ஒவ்வொரு வரியையும் பார்த்து இரண்டாவது வரியில் கூட்டல் குறி மாறிவிட்டது என்று காட்டுகிறதா? கர்ட் வான்லென் என்ற ஆய்வாளர் 2011-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து ஒப்பிட்டார். படிப்படியாகப் பார்க்கும் மென்பொருள்களின் பலன் அளவு (எண் கூடக் கூடப் பலன் அதிகம்) 0.76, நேரில் உட்கார்ந்து சொல்லித் தரும் மனிதருக்கு 0.79, விடையை மட்டும் பார்ப்பவற்றுக்கு 0.31. பெட்டியில் ஏஐ என்று எழுதியிருப்பது இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒவ்வொரு வரியையும் பார்க்கும் வகையாக இருந்தால் மாதச் சந்தாவில் எடுங்கள், மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டாம்.