மருத்துவர் பதில்: எந்தப் பாத்திரம் உடலுக்கு நல்லது?

கேள்வி: எனக்கு வயது 48. வீட்டிலுள்ள நான்-ஸ்டிக் வாணலிகளில் பூச்சு உரிந்துவிட்டது. எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக ஒரு செட் வாங்க நினைக்கிறேன். நான்-ஸ்டிக் புற்றுநோய் தரும், அலுமினியம் மறதி நோய் தரும் என்கிறார்கள். அம்மாவுக்குச் சிறுநீரகப் பாதிப்பு உண்டு, டயாலிசிஸ் செய்வதில்லை. மகளுக்கு ரத்தசோகை. எனக்கு மணிக்கட்டு வலி. எந்த உலோகத்தில் வாங்கலாம்?

பதில்: முதலில் செட் வாங்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு உருப்படிகள் அடங்கிய செட்டில் தினமும் அடுப்பேறுவது மூன்றோ நான்கோதான். மீதி அலமாரியில் தூங்கும். அதோடு, உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமான உடல்நிலை. ஒரே உலோகம் மூவருக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை.

உரிந்துபோன பூச்சைப் பற்றித்தான் உங்களுக்கு அதிகக் கவலை என்று தெரிகிறது. அந்தத் துணுக்குகள் வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். புற்றுநோய்ப் பேச்சு எழுந்தது வேறொன்றால். பூச்சைத் தயாரிக்கும்போது முன்பு பயன்படுத்திய பிஎஃப்ஓஏ என்ற வேதிப்பொருளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2023-இல் வகைப்படுத்தியது. நான்-ஸ்டிக் தயாரிப்பில் அதன் பயன்பாடு பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது.

நான் பயப்படுவது தீயைக் கண்டு. வெறும் வாணலியைப் பெருந்தீயில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போனால் சில நிமிடங்களில் அது 260 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதற்குமேல் பூச்சு மெல்லச் சிதையத் தொடங்கும். 350 டிகிரியை நெருங்கும்போது நச்சுப்புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரலாம். கூண்டில் வளர்க்கும் பறவைகள் செத்தே போகும். ஆகவே நான்-ஸ்டிக் வேண்டுமானால் ஒன்றே ஒன்று வாங்குங்கள். மிதமான தீயில், மரக்கரண்டியோடு பயன்படுத்துங்கள். பூச்சு உரிந்த பழையவற்றைக் கழித்துவிடலாம். பூச்சு போனபின் அவற்றில் பலவும் வெறும் அலுமினியம்தான்.

அலுமினியம் மறதி நோய் தரும் என்ற சந்தேகத்துக்கு வயது அறுபதாகிறது. 1965-இல் முயல்களின் மூளைக்குள் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்புச் செல்களில் முடிச்சுகள் தோன்றின. அவை அல்சைமர் நோயில் காணும் முடிச்சுகளிலிருந்து வேறுபட்டவை என்பது பிறகு தெரிந்தது. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டதால் அந்த நோய் வந்தது என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை.

ஆனால் உங்கள் அம்மாவின் விஷயம் வேறு. உடலில் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். 1970-களில் டயாலிசிஸ் நீரிலிருந்த அலுமினியம் நோயாளிகளின் மூளையையும் எலும்பையும் பாதித்த வரலாறு எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாத்திரத்திலிருந்து கசியும் அளவு அதோடு ஒப்பிட மிகச் சிறிது. இருந்தாலும் தவிர்க்க வழி இருக்கும்போது அவருக்கு ஏன் அந்தச் சுமை? தக்காளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பானவற்றைப் பூச்சில்லாத அலுமினியத்தில் கொதிக்கவைக்க வேண்டாம். இன்னொன்று: எதை உருக்கி வார்த்தார்கள் என்று தெரியாத மலிவான அலுமினிய, பித்தளைப் பாத்திரங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே கிடையாது.

அன்றாடச் சமையலுக்கு நான் சொல்வது எவர்சில்வர். 18/8 என்று பொறித்திருந்தால் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் என்று பொருள். எவர்சில்வர் வெப்பத்தைச் சீராகப் பரப்பாது. எனவே அடிப்பகுதியில் அலுமினியமோ செம்போ நடுவில் வைத்து மூடியதாகப் பாருங்கள். அந்த உலோகம் உணவைத் தொடுவதில்லை, அம்மாவுக்கும் பயமில்லை. மலிவான தோடு போட்டால் காது புண்ணாகும் நிக்கல் ஒவ்வாமை உங்களில் யாருக்காவது இருந்தால் மட்டும் சற்றுக் கவனம் தேவை. புதுப் பாத்திரத்தில் முதல் சில சமையல்களில்தான் நிக்கல் அதிகம் கசியும். அப்போது புளிப்பானதை நீண்ட நேரம் வேகவைக்காதீர்கள்.

மகளுக்காக ஒரு இரும்பு வாணலி வாங்கலாம். ஈரமும் புளிப்பும் உள்ள உணவு அதில் நிதானமாக வேகும்போது இரும்புச்சத்து உணவில் இறங்கும். சட்டென்று வதக்கி எடுத்தால் அதிகம் இறங்காது. எனாமல் பூசிய வார்ப்பிரும்பு இதற்கு உதவாது. வாணலி வந்துவிட்டது என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்றா? ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை. வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயிலும் வரும். தலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கும், உடலில் இரும்பு தேங்கும் பரம்பரை நோய் உள்ளவருக்கும் இரும்பு வாணலியே கூடாது.

செம்புப் பாத்திரம் அழகாக இருக்கும். உட்பூச்சு இல்லாவிட்டால் அதில் புளிப்பு சேர்ந்த எதையும் சமைக்க வேண்டாம். குமட்டலும் வாந்தியும் வரும்.

கடைசியாக உங்கள் மணிக்கட்டு. இரும்பு வாணலியைச் சிறியதாக, இருபுறமும் கைப்பிடி உள்ளதாக வாங்கி, அடுப்பிலேயே வைத்துக் கரண்டியால் பரிமாறுங்கள். மற்றவற்றைக் கடையில் காலியாகத் தூக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். 3 லிட்டர் பாத்திரம் நிறைந்தால் அதன் எடையோடு இன்னும் ஏறக்குறைய 3 கிலோ சேரும்.