ஸ்டெம் செல் தானம்: முகாம் நடத்தும் தன்னார்வலர்களின் கேள்விகளும் பதில்களும்

ரத்தப் புற்றுநோய் போன்ற நோயுள்ளவருக்கு, எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை இன்னொருவரிடமிருந்து எடுத்துச் செலுத்துவதே மாற்று சிகிச்சை. தானம் செய்ய முன்வருபவரின் கன்னத்தில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவைப் பதிவேட்டில் வைப்பார்கள்; நோயாளியோடு பொருந்தினால் அவரை அழைப்பார்கள்.

நாங்கள் அனுப்பிய கன்ன மாதிரிகளில் சிலவற்றை ‘மறுபடி எடுங்கள்’ என்று ஆய்வகம் திருப்பிவிட்டது. எங்கே தவறியிருப்போம்?

பெரும்பாலும் தேய்ப்பதிலும் உலர்த்துவதிலும்தான். ஆய்வகத்துக்கு வேண்டியது கன்னத்தின் உட்புறத்திலிருந்து உரிந்து வரும் செல்கள். குச்சியை நாக்கில் ஒற்றி எடுத்தால் எச்சில்தான் வரும். பஞ்சு முனையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே நன்றாக அழுத்தி, உருட்டியபடியே மேலும் கீழும் தேய்க்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை ஆகும்; பதிவேடு தந்த குறிப்பில் உள்ள நேரத்தைக் கடிகாரம் பார்த்தே கணக்கிடுங்கள். ஒவ்வொரு குச்சியையும் அதற்குச் சொன்ன பகுதியில்தான் தேய்க்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் சாப்பிடவோ, டீ குடிக்கவோ, புகைக்கவோ கூடாது. முகாம் வாசலிலேயே பிஸ்கட்டும் டீயும் கொடுத்து வரவேற்றால் மாதிரிகள் கெடும்; உபசாரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்த்த முனையை விரலால் தொடக் கூடாது. ஈரத்தோடு காற்றுப் புகாத உறையில் மூடினால் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகி டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். பதிவேடு தந்த உறையிலேயே, சொன்ன முறைப்படி உலரவிட்டு மூடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காதீர்கள்.

இதைவிட ஆபத்தான தவறு பார்கோடு மாறிப்போவது. மாதிரி நன்றாக இருப்பதால் ஆய்வகம் அதைக் கண்டுபிடிக்காது. பொருத்தம் என்று அழைத்து மறுபரிசோதனை செய்யும்போதுதான் வேறொருவரின் முடிவு என்று தெரியும். அதற்குள் நோயாளியின் நாட்கள் வீணாகியிருக்கும். படிவத்திலும் உறையிலும் பார்கோடு ஒட்டிய பிறகே குச்சியைக் கையில் கொடுங்கள். நான்கு நண்பர்கள் சேர்ந்து வந்தாலும் ஒருவரை முடித்து உறையை மூடிய பிறகே அடுத்தவர்.

ஒரு சிறுவனின் படத்தைப் போட்டு முகாம் அறிவித்தால் கூட்டம் வருகிறது. அப்படிச் செய்யலாமா?

குடும்பம் எழுத்தில் சம்மதித்தால் செய்யலாம். ஆனால் வந்தவர்களிடம் முதல் நிமிடத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள்: இந்தக் கூட்டத்தில் அந்தச் சிறுவனுக்குப் பொருந்துபவர் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. பதிவு செய்பவர் உலகில் எந்த நோயாளிக்காகவும் அழைக்கப்படலாம். இதைச் சொல்லாமல் விட்டால், பிறகு வேறொருவருக்காக அழைப்பு வரும்போது, “நான் அந்தப் பையனுக்குத்தானே கொடுத்தேன்” என்று பின்வாங்குவார்கள்.

பொருத்தம் பார்ப்பது எச்.எல்.ஏ. எனப்படும், செல்களின் மேற்பரப்பில் உள்ள அடையாளக் குறிகளை வைத்துத்தான். அவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் கொத்தாக அமைந்து, பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு கொத்தாக வருகின்றன. அதனால் உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்புதான் உண்டு. வெளியாட்களில் தேடும்போது ஒரே பூர்வீகத்தைச் சேர்ந்தவர்களிடம் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருந்தும், பதிந்தவர்கள் குறைவாக உள்ள சில சமூகத்து நோயாளிகளுக்கு ஆள் கிடைக்காததற்கு இதுவே காரணம். இதுவரை யாரும் பதியாத சமூகத்தில் நடத்தும் சிறிய முகாமும் பெரிய வேலைதான்.

1974-இல் லண்டனில் முதல் பதிவேடு தொடங்கியதே ஆண்டனி நோலன் என்ற குழந்தைக்காக. அவனுக்குப் பொருத்தம் கிடைக்கவே இல்லை, 1979-இல் இறந்துபோனான். அவன் தாய் ஷெர்லி தொடங்கிய பதிவேடு இன்றும் மற்றவர்களைப் பிழைக்க வைக்கிறது. குடும்பத்தாரிடம் பேசும்போது இதையும் மென்மையாகச் சொல்லலாம்.

ரத்தப் பிரிவு ஒன்றாக இருக்க வேண்டுமா?

வேண்டாம். எச்.எல்.ஏ. பொருந்தினால் போதும். மாற்றுக்குப் பிறகு நோயாளியின் ரத்தப் பிரிவே தானம் செய்தவருடையதாக மாறிவிடும்.

‘முதுகெலும்பில் ஊசி போடுவார்களாமே’ என்று பயப்படுகிறார்கள். ‘ரத்த தானம் போலத்தான்’ என்று சொல்லிவிடலாமா?

அப்படிச் சொல்லாதீர்கள். பாதி உண்மையை நம்பி வருபவர் முழு விவரம் தெரிந்ததும் விலகுவார். பெரும்பாலான தானங்கள் ரத்த ஓட்டத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. அதற்கு முன் நான்கைந்து நாட்கள், ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைக்கும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போட வேண்டும். வழக்கமான அளவு தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். எலும்பு வலி, தலைவலி, காய்ச்சல் வருவது போன்ற அசதி இருக்கும். மருத்துவர் சொல்லும் பாரசிட்டமாலில் பெரும்பாலும் அடங்கும், ஊசி நின்ற சில நாட்களில் போய்விடும். ஊசியால் மண்ணீரல் வீங்கும் என்பதால் அந்த நாட்களில் கபடி, கால்பந்து போன்ற முட்டிமோதும் ஆட்டங்கள் வேண்டாம். பொதுவாக ஐந்தாம் நாள், ஒரு கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஸ்டெம் செல்லைப் பிரித்துவிட்டு மீதியை மறு கையில் செலுத்துவார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். சிலருக்கு மறுநாளும் தொடரும். உதடும் விரல் நுனியும் மரத்தால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது. வேகத்தைக் குறைத்து கால்சியம் கொடுத்தால் சரியாகும்.

எலும்பு மஜ்ஜையாகவே கேட்டால், முழு மயக்கத்தில் இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். தண்டுவடத்தை யாரும் தொடுவதில்லை. சில நாட்கள் இடுப்பு வலிக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும்.

பெற்றோரில் ஒருவர் பாதி பொருந்தினாலே மாற்று செய்கிறார்களே, பதிவேடு இனி எதற்கு?

தானச் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்காமல் தடுக்க, மாற்றுக்குப் பிறகு சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுக்கும் முறை வந்தபின் பாதிப் பொருத்தம் பலருக்கு உதவுகிறது என்பது சரி. ஆனால் வயது, உடல்நலம் காரணமாக எல்லா வீட்டிலும் தகுந்த உறவினர் இருப்பதில்லை. சில நோயாளிகளின் உடலில் அந்த உறவினரின் எச்.எல்.ஏ.வுக்கே எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும். எது சிறந்தது என்று மருத்துவர் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இரண்டு வழியும் திறந்திருக்க வேண்டும்.

48 வயதுக்காரர் ஆர்வமாக வந்தார், பதிவேடு ஏற்கவில்லை. வருத்தப்பட்டார்.

தானம் செய்பவர் இளையவராக இருந்தால் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. மருத்துவர்களும் இளையவர்களையே தேடுகிறார்கள். எனவே பல பதிவேடுகள் வயது வரம்பு வைத்திருக்கின்றன. அளவு பதிவேட்டுக்குப் பதிவேடு மாறும், அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். அவரை முகாம் வேலைக்கு அழையுங்கள். பிள்ளை தானம் செய்யப் பயப்படும் பெற்றோரிடம் அவர் வயதுக்காரர் பேசினால்தான் எடுபடும்.

பொருத்தம் வந்தபின் பலர் மறுத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

மறுக்கும் உரிமை எப்போதும் உண்டு. ஆனால் மாற்றுக்குச் சில நாட்கள் முன்பே நோயாளிக்குக் கடும் கீமோ, சில சமயம் கதிர்வீச்சும் கொடுத்து அவருடைய மஜ்ஜையை அழிக்கத் தொடங்குவார்கள். அதன் பிறகு தானம் வராவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சந்தேகம் முகாம் மேசையிலேயே வெளிவர வேண்டும். “நாளை அழைத்தால் வீட்டில் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? அவர் வேண்டாமென்றால்?” என்று கேளுங்கள். தயங்கினால், “வீட்டில் பேசிவிட்டு அடுத்த முறை வாங்க” என்று அனுப்புங்கள். அன்றைய எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

பதிவு செய்யும் மாணவர்களுக்கு வருகைப்பதிவு தருவதாகக் கல்லூரி சொல்கிறது. ஏற்கலாமா?

முகாமின் விளக்கக் கூட்டத்துக்கு வந்ததற்குத் தரட்டும். பதிவு செய்ததற்கு மட்டும் வேண்டாம். ஆசிரியர் முன்னால் கையெழுத்துப் போட்டவர் போனை எடுக்க மாட்டார். பதிவு செய்பவரிடம் சொந்த எண்ணோடு, வீட்டார் ஒருவரின் எண்ணும் வாங்குங்கள். படிப்பு முடிந்து ஊர் மாறினால் எந்த எண்ணில் பதிவேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.