பழைய ஸ்டார் ட்ரெக்கை இன்றைய டிவியில் பார்ப்பது: கேள்வி பதில்

1966 முதல் 1969 வரை 79 எபிசோடுகளாக வந்த, எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலின் பயணங்களைச் சொல்லும் முதல் ஸ்டார் ட்ரெக் தொடரை மறுபடி பார்க்கிறவர்கள் கேட்டவை இவை. பிலிம் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். படம், ஒளி, செட் பற்றிக் கேட்டால் நீளமாகச் சொல்வேன்.

கே: எந்த வரிசையில் பார்க்கலாம் சார்?

தயாரித்த வரிசையில் பாருங்கள். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்க டிவி நிறுவனமான என்பிசி முதலில் காட்டியது 'தி மேன் ட்ராப்'. அதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த இரண்டாவது பைலட் (தொடரை ஏற்க வைக்க எடுக்கும் மாதிரி எபிசோடு) மூன்றாவதாகத்தான் ஒளிபரப்பானது. ஒளிபரப்பு வரிசையில் போனால் சீருடை திடீரென்று வேறு மாதிரி ஆகும், உணர்ச்சியே காட்டாத அதிகாரி ஸ்பாக் உரக்கக் கத்துவார், நமக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

கே: செட் எல்லாம் அட்டை மாதிரி தெரிகிறது. அந்தக் காலத்து மக்கள் இதை எப்படி நம்பினார்கள்?

அவர்கள் பார்த்த படம் வேறு. தொடரை எடுத்தது 35 மிமீ பிலிமில். அந்த நெகடிவில் பதிந்த நுணுக்கத்தில் பெரும்பகுதி அன்றைய வீட்டு டிவிக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்தத் திரையில் தெரிந்தது சுமார் 480 வரி. பெயின்ட் அடித்தவரும் மேக்கப் போட்டவரும் அதற்காகத்தான் வேலை செய்தார்கள். இன்று அதே நெகடிவை ஸ்கேன் செய்து பெரிய திரையில் போடும்போது பலகை ஒட்டு தெரிகிறது, சண்டையில் கேப்டன் கிர்க்குக்குப் பதில் விழுகிறவர் முகம் தெரிகிறது. அவர்கள் அசட்டையாக இருந்ததால் வந்தது இல்லை இது.

நிறத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். என்பிசியின் தாய் நிறுவனமான ஆர்சிஏ கலர் டிவி விற்றுக்கொண்டிருந்த காலம். ஒளிப்பதிவாளர் ஜெர்ரி ஃபின்னர்மேன் சாம்பல் நிறச் சுவர்மேல் ஊதாவும் பச்சையும் விளக்காலேயே பூசினார். செட் ஒன்றுதான், விளக்கு மாறினால் இடம் மாறிவிடும். கிர்க்கின் மஞ்சள் சட்டை உண்மையில் பச்சை. செட் விளக்கிலும் பிலிமிலும் பொன்னிறமாக விழுந்தது. கப்பல் கதவுகளைத் திரைக்குப் பின்னால் ஆள் நின்று இழுத்தார்கள். டாக்டர் மெக்காய் கையில் இருக்கும் கருவிகளில் சில, உப்புக் குப்பிகள். குறைந்த காசில் இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றும் மதிப்பு கூடிக்கொண்டேதான் போகிறது.

ஒரு வேண்டுகோள்: டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்துக்கு நடுவில் டிவி தானாக ஃப்ரேம்களை நுழைத்தால், செட் இன்னும் அட்டையாகத் தெரியும்.

கே: இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறது. கோளாறா?

இல்லை. 4:3 அளவில் எடுத்த படம். இழுக்காதீர்கள்.

கே: ஜூம் செய்தால் திரை நிறைந்துவிடுகிறதே?

நிறையும். மேலும் கீழுமாகக் கால் பங்கு படம் போய்விடும். வேண்டாம்.

கே: 2006இல் புது கிராபிக்ஸ் போட்ட பதிப்பா, பழையதா?

பழையது. 2009 ப்ளூரேயில் இரண்டும் உண்டு. மேட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்த எண்டர்பிரைஸின் பெரிய மாடல் 11 அடி நீளம். விளக்குகளுக்கான வயர் இடது பக்கமாக உள்ளே போனதால் அந்தப் பக்கத்தை முடிக்கவே இல்லை. கப்பல் பெரும்பாலும் இடமிருந்து வலமாகவே போவது அதனால்தான். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய பதிப்பில் நீங்கள் பார்ப்பது ஒரு பொருள்மேல் விழுந்த உண்மையான வெளிச்சம்.

கே: ஒத்துக்கொள்ள முடியவில்லை சார். வசதி இருந்திருந்தால் அவர்களே கிராபிக்ஸ் செய்திருப்பார்கள். 'தி டூம்ஸ்டே மெஷின்' புதுப் பதிப்பில்தானே நன்றாக இருக்கிறது?

சரி, அந்த ஒரு எபிசோடில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதில் வரும் சிதைந்த கப்பல், கடையில் விற்ற பிளாஸ்டிக் மாடலை உருக்கிச் செய்தது. எண்டர்பிரைஸின் 1701 என்ற எண்ணை 1017 என்று மாற்றி ஒட்டியிருப்பார்கள். புதுப் பதிப்பில் அந்தச் சிதைவு நெஞ்சில் தைக்கிறது.

ஆனால் அடுத்த ஷாட்டில் நடிகர்கள் வருவார்கள். அங்கே பிலிமின் மணல் மணலான தன்மை, 1967இன் வெளிச்சம். ஒரே காட்சிக்குள் நாற்பது வருஷம் முன்னும் பின்னும் தாவுகிறோம். 1987இல் தொடங்கிய அடுத்த தொடரை 2012 முதல் எப்படிப் புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். அது வீடியோ டேப்பில் எடிட் செய்தது. அவர்கள் மூல நெகடிவுக்குப் போய், மாடல் ஷாட்டுகளை மறுபடி ஸ்கேன் செய்து, பெரும்பாலும் அவற்றையே ஒன்று சேர்த்தார்கள். அதைத்தான் நான் புதுப்பித்தல் என்பேன். 2006இல் நடந்தது மாற்றி வைத்தல்.

கே: என் மகள் பழையதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். புதுப் பதிப்பால் அவள் உள்ளே வந்தால் தப்பா?

தப்பே இல்லை. வரட்டும். பிடித்துப்போனால் அதே எபிசோடைப் பழைய வடிவிலும் ஒருமுறை காட்டுங்கள்.

கே: ஒளியை விட வேகமாகப் போகும் வார்ப் வேகம் நிஜத்தில் முடியுமா?

என் துறை இல்லை. இயற்பியல் படித்தவர்களைக் கேளுங்கள்.

கே: பெண்களைக் காட்டியிருக்கும் விதம் உறுத்துகிறது. காலத்தைக் காரணம் சொல்லி விட்டுவிடலாமா?

விடக் கூடாது. செட்டுக்கு நான் சொன்ன சமாதானம் திரைக்கதைக்குச் செல்லாது. நிராகரிக்கப்பட்ட முதல் பைலட்டில் கப்பலின் இரண்டாவது அதிகாரி ஒரு பெண். அடுத்த பைலட்டில் அந்தப் பாத்திரமே இல்லை. 1969 ஜூன் 3 அன்று வந்த கடைசி எபிசோடின் கதையே, பெண் என்பதால் கேப்டன் பதவி கிடைக்காத ஒருத்தியின் கசப்பு. அந்தக் கசப்பைப் பைத்தியமாகக் காட்டி முடித்துவிட்டார்கள். 1967இன் 'ஸ்பேஸ் சீட்'டில் வடஇந்தியர், ஒருவேளை சீக்கியர் என்று சொல்லப்படும் கான் பாத்திரத்துக்காக, மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மோன்டல்பான் முகத்தில் பழுப்புப் பூச்சு. நடிப்பு அபாரம். பூச்சு பூச்சுதான்.

அதே தொடரில்தான் ஊரா என்ற கறுப்பினப் பெண் அதிகாரியாகக் கப்பல் தளத்தில் உட்கார்ந்திருந்தார். விலக நினைத்தபோது மார்ட்டின் லூதர் கிங் தன்னைத் தடுத்தார் என்று ஊராவாக நடித்த நிச்செல் நிக்கோல்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கே: சார், என் டிவியில் ஓரத்தில் கறுப்பாக...

மேலே இரண்டு முறை பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: ஒரே ஒரு எபிசோடு காட்டலாம் என்றால் எது?

'பேலன்ஸ் ஆஃப் டெரர்', 1966 டிசம்பர். இரண்டு கப்பல்கள், நீர்மூழ்கிச் சண்டை மாதிரி ஒன்றையொன்று தேடும். எதிரியின் முகம் முதன்முதலாகத் திரையில் வரும்போது அது ஸ்பாக் சாயலில் இருக்கும். உடனே தன் கப்பலுக்குள்ளேயே ஒருவன் ஸ்பாக்கைச் சந்தேகிக்கத் தொடங்குவான். அந்த நொடியில் எல்லோர் முகத்தையும் பாருங்கள். அட்டைச் சுவர் உங்கள் கண்ணில் படாது. ஸ்மூத்திங்கை மட்டும் முன்பே அணைத்துவிடுங்கள்.