பவரே இல்லாத பேட்மேன் சூப்பர்மேனை ஜெயிக்க முடியுமா?

பவர் எதுவும் இல்லாத பேட்மேன், சூப்பர்மேன், மின்னல் வேகத்துல ஓடுற ஃப்ளாஷ் மாதிரி ஆளுங்களோட மோதினா நிஜமாவே ஜெயிப்பாரான்னு கேட்டிருக்கீங்க. திடீர்னு நேருக்கு நேர் நின்னா சான்ஸே இல்ல, ஃப்ளாஷ் கண்ணு இமைக்கிறதுக்குள்ள முடிச்சிடுவார். ஆனா தயாராக டைம் கிடைச்சா கதையே வேற.

எல்லாரும் உதாரணமா சொல்றது 1986ல ஃப்ராங்க் மில்லர் பண்ண த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ் காமிக்ஸ்ல வர்ற சண்டைதான், ஆனா அதுல சூப்பர்மேன் கொஞ்ச முன்னாடிதான் ஒரு அணுகுண்டு வெடிப்புல சிக்கி சக்தி போய் வந்திருப்பார், பேட்மேன் ஊரு கரண்ட்டையே இழுத்து கவசத்துல ஏத்திப்பார், அதுக்கு மேல வில்வித்தை ஹீரோ ஆலிவர் க்வீன் (க்ரீன் ஆரோ) வேற, சூப்பர்மேனோட சக்தியக் குறைக்கிற கிரிப்டோனைட் கல்லு வச்ச அம்பு விடுவார், இவ்ளோ சேர்ந்துதான் அந்த ஜெயிப்பு வந்துச்சு.

எனக்கு அதவிட பிடிச்சது 2000ல ஜேஎல்ஏ (இந்த ஹீரோக்கள் எல்லாம் சேர்ந்த ஜஸ்டிஸ் லீக் டீம்) காமிக்ஸ்ல வந்த டவர் ஆஃப் பேபல். தன் டீம் ஆளுங்க யாராவது கெட்ட வழிக்குப் போனா எப்படி நிறுத்தறதுன்னு பேட்மேன் ரகசியமா பிளான் போட்டு வச்சிருப்பார், ராஸ் அல் கூல்ங்கிற வில்லன் அத திருடி எல்லார் மேலயும் ஏவி விட்டுடுவான். அக்வாமேனுக்கு தண்ணியக் கண்டாலே பயம் வந்துடும், வொண்டர் வுமன் முடியவே முடியாத ஒரு பொய்யான சண்டையில மாட்டிப்பாங்க. கவனிங்க, பேட்மேன் அங்க டீம் ஆளுங்க மேல ஒரு குத்து கூட விடல, ஒவ்வொருத்தரோட பலவீனத்தையும் தெரிஞ்சு வச்சிருந்தார், அவ்ளோதான். அதுக்கு விலையும் கொடுத்தார், டீம்லயே ஓட்டு போட்டு அவர வெளிய அனுப்பிட்டாங்க.